கார் வரும்வரை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு நூலைப் பற்றியதன்று. ஒரு வளவைப் பற்றியது. கொடியும் பற்றையும் மூடிக் கிடந்த எங்கள் வளவைத் துப்புரவாக்கிப் பாத்தி கட்டிய கதை இது. இலக்கிய நிகழ்ச்சியில் மண்வெட்டிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். தமிழ் படிப்பிக்கிறவன் தமிழிலே எவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருந்தான் என்பதை அந்த மண்வெட்டிதான் எனக்குக் காட்டியது.

எங்கள் வளவு வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது, உடுத்த உடுப்புடன் அதை விட்டு வெளியேறினோம். அப்போது எனக்கு வயது 11. 2018ஆம் ஆண்டு சித்திரையில் எங்கள் பக்கத்துக் காணிகள் விடுவிக்கப்பட்டன. இடையே 28 ஆண்டுகள். அப்பா அந்த நாளைக் காணவில்லை. அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். படலை இருந்த இடமும் தெரியவில்லை, வீடு இருந்த இடமும் தெரியவில்லை. இப்பில் இப்பில் மரங்கள் நெருக்கமாக வளர்ந்து நின்றன. அவற்றின் கீழே நாயுண்ணி. எல்லாவற்றின் மேலும் கொவ்வையும் பிரண்டையும் வேறு பல கொடிகளும் போர்வை போர்த்தியதுபோல் படர்ந்திருந்தன. அம்மாதான் ஒரு பூவரச மரத்தைப் பார்த்து, "உதுக்கு நேரை பத்தடி உள்ளுக்கை கிணறு" என்றா. அப்படியே இருந்தது.

அயலில் உள்ளவர்கள் பெக்கோ இயந்திரம் பிடித்து ஒரே நாளில் காணியை வழித்துத் துடைத்தார்கள். நானும் அதையே செய்ய நினைத்தேன். பாடசாலை முடிந்தால் பிரத்தியேக வகுப்பு, வகுப்பு முடிந்தால் விடைத்தாள். எனக்கு நேரம் எங்கே? அம்மா மறுத்துவிட்டா.

"மெசின் வந்தால் மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போயிடும், தம்பி. எனக்கு வளவு வேணும், விளையாட்டு மைதானம் வேண்டாம். ரெண்டு மழை விழட்டும். வேரும் லேசாக் கழரும், எது எதெண்டும் தெரியவரும்."

கையாலே துப்புரவாக்கச் சம்மதித்தேன். மழைவரை பொறுத்திருக்கத்தான் சம்மதிக்கவில்லை. புரட்டாதி மாதத்து ஒரு சனிக்கிழமை, கூலிக்கு வந்த அண்ணை ஒருவருடன் வேலையைத் தொடங்கினேன். அம்மா உடைந்த கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு பெயர் சொல்லத் தொடங்கினா.

"உது முசுட்டை, வெட்டாதை. வறைக்கு ஆகும். அது மொசுமொசுக்கை, இருமலுக்கு. உந்த முள்ளுக்கொடி தூதுவளை. உங்காலை நிக்கிறது தவசிமுருங்கை."

நேயர்களே, எனக்கு வெட்கமாக இருந்தது. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்லுகிறார் என்று ஆண்டுதோறும் மாணவருக்குப் படிப்பிக்கிறவன் நான். அந்தப் பெயர்களைப் பாடமாக்கியும் இருக்கிறேன். என் சொந்த வளவில் நின்றவற்றுள் எனக்குத் தெரிந்தவை ஏழோ எட்டோதான். மற்றவை எல்லாவற்றுக்கும் நான் வைத்திருந்த பெயர் ஒன்றே. பற்றை.

வேலையிலும் பல பாடங்கள் இருந்தன. மரத்தின் மேல் ஏறிய கொடியை மேலிருந்து இழுத்தால் கிளையும் சேர்ந்து முறிந்து வரும். அடியிலே வெட்டிவிட்டு ஒரு கிழமை காயவிட்டால் சருகாகிக் கையோடு வரும். நாயுண்ணியை நிலத்தோடு வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து முன்னையிலும் அடர்த்தியாகத் தளிர்க்கும். இப்பில் இப்பிலும் அப்படித்தான். காய் முற்றி விதை சிந்துமுன் வேரோடு கிளப்ப வேண்டும். கிண்டும்போது இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் கைவைக்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றிய காணி என்றாலும் உரியவர்களுக்கு அறிவித்துவிட்டு விலகி நிற்க வேண்டும். இவற்றையெல்லாம் அண்ணை சொல்லித் தந்தார். ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு அவர் நல்ல ஆசிரியர்.

மூன்றாவது சனிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். நாங்கள் இருவர் மட்டும் போனோம். வடமேற்கு மூலையில், அத்திவாரக் கற்களை ஒட்டி, இலை உதிர்ந்து சிக்குப்பட்ட கொடி ஒன்று கிடந்தது. அடி கைம்மொத்தம் இருக்கும். "உது என்ன மாஸ்ரர்?" என்று அண்ணை கேட்டார். "பற்றைதான், வெட்டுங்கோ" என்றேன். நானும் ஒரு பக்கம் வெட்டினேன். அலவாங்கு போட்டு வேரையும் கிளப்பினோம். பத்து நிமிட வேலை. பின்னேரம் குப்பையோடு குப்பையாகக் கொளுத்தியும் விட்டோம்.

அடுத்த கிழமை அம்மா வந்து நேராக அந்த மூலைக்குப் போனா. வெறும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"இதிலை ஒரு கொடி நிண்டதோ?"

"ஓம் அம்மா. காய்ஞ்ச கொடி ஒண்டு."

"அது காயேல்லை, மழைக்குப் பாத்துக்கொண்டு நிண்டது. அப்பா கலியாணம் முடிச்ச வருசம் நட்ட முல்லை."

1976ஆம் ஆண்டு நட்டது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், பந்தல் போட ஆளில்லாமல், ஷெல்லுக்கும் தப்பி 28 ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது. வீட்டுக்காரன் வந்து பத்து நிமிடத்தில் முடித்துவிட்டான்.

அம்மா என்னை ஏசவில்லை. "பூக்காத காலத்திலை எல்லாம் பத்தைதானே, தம்பி" என்று மட்டும் சொன்னா. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. முல்லைத் திணையின் பெரும்பொழுது கார். அதன் உரிப்பொருள் இருத்தல். அதாவது ஆற்றியிருத்தல், பொறுத்திருத்தல். இதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! கார்காலம் வந்தால் முல்லை பூக்கும், அதுவரை தலைவி காத்திருப்பாள் என்று எத்தனை வகுப்பில் விளக்கியிருப்பேன்! அம்மா சொன்னதும் அதையேதான். மழை விழட்டும், எது எதெண்டும் தெரியவரும் என்றா. அம்மா தொல்காப்பியம் படித்ததில்லை. படித்த நான் மூன்று கிழமை பொறுக்கவில்லை. ஐப்பசி மழை விழுந்திருந்தால் அந்தக் கொடி தானே பூத்துத் தன் பெயரைச் சொல்லியிருக்கும்.

அப்போது திருநாவுக்கரசு நாயனாரை நினைத்துக்கொண்டேன். கோயில்களிலே அவருடைய திருவுருவத்தைப் பார்த்திருப்பீர்கள். தோளிலே உழவாரப்படை. ஏடும் எழுத்தாணியும் அல்ல, புல்லுச் செருக்குகிற கருவி. பாடிய ஊர்களிலெல்லாம் திருமுற்றத்துப் புல்லையும் பூண்டையும் தம் கையாலே செருக்கியவர். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடத்திலே பொன்னும் மணியும் தோன்றின என்றும், அவற்றையும் பருக்கைக் கல்லாகவே எண்ணி வாவியில் எறிந்தார் என்றும் சேக்கிழார் சொல்லுகிறார். அதே நாவுக்கரசர்தான் தில்லைக் கூத்தனின் சிவந்த வாய்க்குக் கொவ்வைக் கனியை உவமையாக்கியவர். கொவ்வை எங்கே படரும்? வேலியிலும் இடிந்த சுவரிலும் துப்புரவில்லாத முற்றத்திலும்தான். செருக்கிக் களைய வந்தவரின் கண்ணுக்கு அந்தக் கொடியின் பழம் இறைவனின் வாயை நினைவூட்டியிருக்கிறது. எதைக் களைவது, எதைக் காண்பது என்ற இரண்டும் அவருக்குத் தெரிந்திருந்தன. எனக்குக் களைய மட்டுந்தான் தெரிந்தது.

அதன் பிறகு மழைவரை கத்தியைத் தொடவில்லை. ஐப்பசியில் இரண்டு மழை விழுந்தது. செம்மண் இளகியது. இப்பில் இப்பில் கன்றுகள் கையால் இழுக்கவே வேரோடு வந்தன. காய்ந்துபோனவை என்று நான் நினைத்திருந்த இன்னும் இரண்டு கொடிகள் தளிர்த்தன; அவை குறிஞ்சா என்று அம்மா சொன்னா. பழைய அத்திவாரத்துச் சுண்ணாம்புக் கற்களைப் பொறுக்கி, கயிறு பிடித்து, பாதையின் இருபுறமும் வரம்பு கட்டினோம். அந்தப் பாத்திகளிலே செவ்வரத்தை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி. கிணற்றடியிலே வாழை. மேற்கு வேலியை மட்டும் துப்புரவாக்கவில்லை. அது முசுட்டைக்கும் தூதுவளைக்கும் கொவ்வைக்கும் விட்டது. வடமேற்கு மூலையில் வேறொரு முல்லைப் பதியம் வைத்தோம். இப்போது கார்காலத்தில் அது நன்றாகப் பூக்கிறது. அம்மா நாளும் தண்ணீர் ஊற்றுகிறா. அதுவும் முல்லைதான், அந்த முல்லை அல்ல.

எங்கள் கல்லூரியில் சிரமதானம் நடக்கும் நாட்களில் ஒரு புது வழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறேன். மண்வெட்டியைக் கொடுக்குமுன் மாணவர் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறேன். வெட்டப் போகும் இடத்தில் நிற்கும் செடிகொடிகளின் பெயர்களை அவர்கள் எழுத வேண்டும். தெரியாவிட்டால் வீட்டிலே பெரியவர்களிடம் கேட்டுவர வேண்டும். அதுவரை அந்தச் செடி நிற்கும். "சேர், இதாலை வேலை பிந்துது" என்று ஒரு மாணவன் முறைப்பட்டான்.

"பிந்தட்டும்" என்றேன்.

நேயர்களே, வளவு துப்புரவாகத்தான் இருக்க வேண்டும். பாம்புக்கும் நுளம்புக்கும் அதை விட்டுவைக்க முடியாது. கத்தியும் உழவாரமும் வேண்டியவைதான். ஆனால் நாம் பெயர் அறியாத எதையும் பற்றை என்று சொல்லிவிடுவது மிகவும் சுலபம். செடியாயினும் சரி, பழைய சொல்லாயினும் சரி, வெட்டுமுன் ஒரு மழைக்காவது பொறுத்திருப்போம்.