இல்லத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



புற்றுநோய்க்குரிய மருந்தை ஆஸ்பத்திரிக்குச் செல்லாமல் வீட்டிலேயே பெறலாமா என்று நம் குடும்பத்தார் பலர் என்னை வினவுகின்றனர். இதற்கு ஒரே சொல்லில் விடை கூறல் இயலாது. மருந்துதோறும் விடை வேறுபடும்.

மாத்திரைகள் இல்லத்திற்கே உரியவை. இரத்தப் புற்றில் ஒரு வகைக்கு வழங்கும் இமாடினிப் 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனை நாள்தோறும் உட்கொண்டு, தம் தொழிலையும் செய்துகொண்டு பல்லாண்டு வாழ்வோர் உளர். குடற்புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் தரும் கேப்சிடபினைப் பெரும்பாலும் 14 நாள் உண்டு 7 நாள் நிறுத்துவர். மாத்திரைதானே என்று இதனை எளிதாக எண்ணற்க. வயிற்றுப்போக்கு மிகுந்தும், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வெடித்தும், கணக்கை முடித்தே தீர்வதென்று விழுங்குவோரைக் கண்டிருக்கிறேன். அஃது மனவுறுதியன்று, ஆபத்து. அடுத்த வேளை மாத்திரையைத் தொடுமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

குடற்புற்றுக்குரிய ஃபுளூரோயுராசில் என்னும் மருந்தோ, ஒரு முறையில், 46 மணி நேரம் சிறிது சிறிதாக உட்செல்ல வேண்டுவது. இதற்கென ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க வேண்டுவதில்லை. காறையெலும்பின் கீழே தோலினடியில் பதித்த 'போர்ட்' என்னும் சிறு வாயிலில், ரப்பர்ப் பை அடங்கிய குப்பியொன்றை இணைத்து வீட்டிற்கு அனுப்பிவிடுகின்றனர். பை தானே சுருங்கி மருந்தைத் தள்ளும்; மின்சாரமும் வேண்டா.

இவற்றைக் கண்டு எல்லா மருந்தையும் கூடத்தில் ஏற்றலாம் எனத் துணிதல் தகாது. டாக்ஸோரூபிசின் என்னும் செந்நிற மருந்து குழாயினின்று கசிந்தால் சுற்றியுள்ள சதை புண்பட்டு அழியும். பாக்ளிடாக்செல், முதலிரு முறைகளில், ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். அவ்வமயம் வேண்டுவது பிராணவாயுவும், ஊசி மருந்தும், கைதேர்ந்தவருமேயன்றி விசிறியும் வெந்நீருமல்ல. இத்தகைய மருந்துகளை ஆஸ்பத்திரியின் பகல்நேரப் பிரிவில் பெற்று மாலையில் வீடு திரும்புவதே நன்று.

நிற்க. வீட்டிலேயே வேண்டும் என்போரிற் சிலருக்குக் காரணம் தூரமுமன்று, செலவுமன்று. செய்தி வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போம் என்னும் அச்சமே! புற்றுநோய் தொற்றுநோயன்று; பெரும்பாலும் பரம்பரையாக வருவதுமன்று. மறைத்து வைப்பதால் விளையும் கேட்டைக் கேளுங்கள். மருந்து பெற்ற 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை, பெரும்பான்மையான மருந்துகளில், இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது 100.4 டிகிரி ஜுரம் கண்டால் அது நள்ளிரவாயினும் உடனே ஆஸ்பத்திரி சேர்தல் வேண்டும். பாராசிடமால் கொடுத்து விடியட்டும் என்றிருத்தல் உயிருக்கே இறுதியாகலாம். பக்கத்து வீட்டாருக்குத் தெரியாத நோயாயின், வண்டிக்கு யாரை எழுப்புவது? எழுப்பத் தயங்கிக் கழியும் ஒவ்வொரு நாழிகையும் நோயாளியின் கணக்கிலன்றோ சேர்கிறது!

மருந்தின் மிச்சம் சுமார் 48 மணி நேரம் மலஜலத்திலும் வாந்தியிலும் வெளிப்படும். அவற்றைத் துடைப்போர் கையுறை அணிதல் வேண்டும். கழிப்பிடத்தை மூடியிட்டு இருமுறை நீர்விட்டுக் கழுவல் வேண்டும். கர்ப்பிணிகள் இப்பணி செய்யலாகாது. நம் வீடுகளில் இப்பணி மருமகளின் தலையிலேயே விழுவதால், அவளுக்கு இதனை முதலில் சொல்லுங்கள். ஆண்மக்களும் கையுறை அணியலாம். சாஸ்திரத்தில் தடை ஏதுமில்லை.

நலம் விசாரிக்க வரும் உறவினர், தமக்குச் சளியோ இருமலோ இருப்பின், வாசலோடு நின்று திரும்புதலே அன்பு.

மருந்தின் பெயர், பெற்ற தேதி, ஜுரம் கண்டால் அழைக்க வேண்டிய ஆஸ்பத்திரித் தொலைபேசி எண், இரவில் வண்டி தருவார் பெயர் ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி, வீட்டார் அனைவர் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டுக. எழுத உதவி வேண்டுவோர் கூட்டம் கலைந்தபின் இருங்கள். வெற்றுச் சீட்டுகள் கொண்டுவந்திருக்கிறேன்.