காணாமற்போன கேள்விக்குறி

(பாலையூற்றில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்)



சட்டம் படித்தவன் சிறுநீரக நோயைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை உடையவன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. மருத்துவத்தைப் பற்றி நான் புதிதாக ஒரு சொல்லும் சொல்லப் போவதில்லை. ஆனால், ஒருவர்மீது குற்றஞ் சாட்டுவதற்கும் அக்குற்றம் எண்பிக்கப்படுவதற்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டென்பதை நாள்தோறும் நீதிமன்றத்திலே காண்பவன் நான். அந்தத் தூரத்தை ஒரு நாடே ஒரு பாய்ச்சலிற் கடந்துவிட்டால் நேர்வது என்ன? அதற்கான சான்று நம் கண்முன்னே கிடக்கிறது. அந்தப் பாய்ச்சலுக்கான விலையைக் கொடுத்தவரும் பெரும்பாலும் வயலில் நின்றவரே.

1990 ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்து வைத்தியசாலைகளுக்கு ஒரு புதுவகை நோயாளர் வரத் தொடங்கினர். அவர்களுக்கு நீரிழிவும் இல்லை. இரத்த அழுத்தமும் இல்லை. எனினும் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் செயலிழந்தன. நோயுற்றவர் பெரும்பாலும் வெயிலில் உழைக்கும் கமக்காரர். நோய் முற்றும்வரை வெளியே குறி காட்டாது. காட்டும்போது இரத்தத்தை இயந்திரத்தாற் சுத்திகரிக்கும் நிலை வந்துவிடும். மதவாச்சி, பதவியா என்ற பெயர்கள் அன்று முதல் பத்திரிகைகளில் அடிபட்டன. வவுனியாவும் தப்பவில்லை. நமது திருகோணமலை மாவட்டத்திலேயே பதவி ஸ்ரீபுரத்தில் இந்நோய் வேரூன்றியிருக்கிறது. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். அவர்களுடைய துயரம் நமக்குப் புறம்பானதென்று எண்ணுவோர் இச்சபையில் இருக்கமாட்டார்கள்.

வைத்தியர்கள் இதற்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய். அறியவில்லை என்ற ஒப்புதல் பெயரிலேயே இருக்கிறது. அது நேர்மையான பெயர். ஆனால் தன் கணவனைப் பறிகொடுத்த பெண்ணிடம் போய், காரணம் அறியப்படவில்லை என்று எத்தனை ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருப்பது? மக்கள் ஒரு குற்றவாளியைக் கேட்டனர். கேட்டதிலே தவறில்லை. அக்கேள்விக்கு விடை கொடுக்கப் போட்டியிட்டவர்களின் கதைதான் விசித்திரமானது.

2011 ஆம் ஆண்டிலே களனிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒரு குழுவினர் நோய்க்குக் காரணம் ஆசனிக் என்று அறிவித்தனர். இவ்வறிவு நாத தெய்வத்தின் வாயிலாகக் கிட்டியதென்று அவர்களிற் கல்விமான் ஒருவர் பகிரங்கமாகவே கூறினார். தெய்வத்தைக் குறுக்கு விசாரணை செய்ய எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. ஆதலால் அச்சாட்சியத்தை அப்படியே விட்டுச் செல்கிறேன். ஆயினும், நாம் உண்ணும் அரிசியில் நஞ்சு உண்டென்ற பேச்சு நாடெங்கும் பரவிற்று. பின்னர் 2013 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் நடந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. அது நோயாளரின் சிறுநீரிற் கட்மியம் என்னும் உலோகம் கூடுதலாக இருந்ததைச் சுட்டியது. உடனே பசளை மூடை குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது.

இனி வருவதே முக்கியமான கட்டம். 2014 பெப்ரவரியில், சுவிற்சர்லாந்திலிருந்து வெளிவரும் ஒரு சஞ்சிகையிற் சன்ன ஜயசுமன முதலிய மூவர் ஒரு கட்டுரை எழுதினர். கிளைபோசேட் என்ற களைநாசினி, கிணற்றுக் கடின நீரிலுள்ள உப்புக்களையும் உலோகங்களையும் பற்றிக்கொண்டு, அவற்றைச் சிறுநீரகத்துக்குக் கொண்டு செல்லக்கூடும் என்பது அவர்கள் கருத்து. அஃது ஒரு கருதுகோள். நோயாளரைச் சோதித்துக் கண்ட முடிவன்று. அதன் தலைப்பிலேயே இவைதாம் குற்றவாளிகளா என்ற வினா இருந்தது. தலைப்பின் ஈற்றிலே ஒரு கேள்விக்குறியும் இருந்தது.

அன்பர்களே, அந்தக் கேள்விக்குறி சுவிற்சர்லாந்திலிருந்து கொழும்புக்கு வந்து சேரவில்லை! வழியில் எங்கோ தொலைந்துபோயிற்று. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் வந்தது முற்றுப்புள்ளி மட்டுமே. ஐயுறுகிறோம் என்று எழுதியவரைக் கண்டுபிடித்தவர் ஆக்கினோம். அவரும் பின்னாளிற் பாராளுமன்றம் புகுந்து இராசாங்க அமைச்சரானார். 2015 மார்ச்சிலே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என வகைப்படுத்தியது. அது புற்றுநோயைப் பற்றிய கூற்று; சிறுநீரகத்தைப் பற்றியதன்று. கொலை வழக்கொன்றிற் சந்தேக நபரானவரைக் களவு வழக்கிலும் குற்றவாளியென்று தீர்ப்பளிக்க முடியுமா? நாடு அப்படித்தான் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வர்த்தமானி வெளிவந்தது, கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது.

அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு நான் அநீதி செய்ய விரும்பவில்லை. 2015 இல் அவர்கள் நமது பதவி ஸ்ரீபுர வைத்தியசாலையிலே 125 நோயாளரையும் நோயற்ற 180 பேரையும் ஒப்பிட்டுச் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டனர். கிணற்று நீர் பருகியதும், கைவிடப்பட்ட கிணறுகளின் நீரைப் பருகியதும், கிளைபோசேட் தெளித்ததும் நோயாளரிடையே கூடுதலாகக் காணப்பட்டன. இது மதிக்கத்தக்க சாட்சியம். ஆனால், களைநாசினி தெளிப்பவன்தான் நாள் முழுதும் வெயிலில் வேகிறான், நீரின்றி வரள்கிறான், அதே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறான். இவற்றுள் எது அவனை வீழ்த்தியது? சம்பவ இடத்திலே நால்வர் நின்றனர் என்பது எண்பிக்கப்பட்டுள்ளது. கத்தியைப் பிடித்தவர் யாரென்பது இன்னும் எண்பிக்கப்படவில்லை. களைநாசினியை நெடுங்காலம் பாவித்த மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே இந்நோய் இவ்வாறு பரவவில்லையே, ஏன் என்று கேட்டோருக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. களைநாசினி வேறு, கரும்புத் தோட்டம் வேறு என்றிருக்கும் மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர், நிக்கரகுவா நாடுகளிலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதை யொத்த நோய் உண்டு. அங்கெல்லாம் வெப்பத்தையும் நீரிழப்பையும் ஐயுறுவோர் பலர்.

தடையினால் நோய் ஒழிந்ததா? இல்லை. கமக்காரனுக்கு நேர்ந்தது என்ன? உழவுக்கு முன் களையை அழிக்கவும் வரம்பைத் துப்புரவாக்கவும் அவன் பழகியிருந்த பொருள் ஒரே நாளிற் சட்டவிரோதமாயிற்று. கூலியாள் தேடினான், கூலி உயர்ந்தது. கள்ளச் சந்தையிலே முத்திரையற்ற போத்தல் வந்தது. அதனுள் இருப்பது என்னவென்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. நஞ்சிலிருந்து மக்களைக் காக்கப் பிறந்த தடை, பெயரறியாத நஞ்சை வயலுக்குக் கொண்டுவந்தது. 2018 இலே தடை தளர்ந்தது. யாருக்கு? தேயிலைக்கும் இறப்பருக்கும்! தோட்டத் துரைமார் சங்கமாகக் கூடிக் கணக்குக் காட்டினர், அரசாங்கம் செவிசாய்த்தது. நெற்காணிக்காரனுக்கு அந்தச் செவி கிட்டவில்லை. தேயிலைச் செடியடியிற் குற்றமற்றதாகிய பொருள் நெல்வயலிற் குற்றவாளியாகவே நின்ற விந்தையை எந்தச் சட்டநூலிலும் நான் படித்ததில்லை.

இந்த மனப்பழக்கத்தின் உச்சியே 2021 ஆம் ஆண்டு. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரு வர்த்தமானியால் நிறுத்தப்பட்டது. சொல்லப்பட்ட காரணங்களுள் சிறுநீரக நோயும் ஒன்று. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் பெரும்போகத்துக்கு யூரியா இன்றித் தவித்தவர்கள் இச்சபையிலே இருக்கிறீர்கள். நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நவம்பரிலே தடை நீங்கிற்று. அதற்குள் விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது, விளைச்சல் வீழ்ந்தது, மறு ஆண்டு நாடு அரிசி இறக்குமதி செய்தது.

இவ்வளவும் கேட்டபின், ஆகவே விஞ்ஞானிகள் சொல்வதை நம்பாதே, மருந்துக் கொம்பனியார் சொல்வதே சரி என்று யாரேனும் எழுந்து செல்வாராயின், அவர் என் பேச்சை மறுதலையாக விளங்கிக்கொண்டவர். எண்பிக்கப்படவில்லை என்பது வேறு. குற்றமற்றது என்பது வேறு. இதே நாட்டில், இதே கிருமிநாசினிகளைப் பற்றிய ஆராய்ச்சி எண்ணற்ற உயிர்களைக் காத்த வரலாறும் உண்டு. 1995 ஆம் ஆண்டில் இலங்கையிலே இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தனர்; உலகிலேயே மிக உயர்ந்த எண்ணிக்கைகளுள் அதுவும் ஒன்று. கிராமத்து வீடுகளிலே கையெட்டும் தூரத்தில் இருந்த கிருமிநாசினியே அதற்குப் பெருங் காரணம். வைத்தியர்கள் ஆண்டாண்டாக, வைத்தியசாலை வைத்தியசாலையாகக் கணக்கெடுத்தனர். எந்த மருந்தை அருந்தியவர் பிழைக்கிறார், எதை அருந்தியவர் பிழைப்பதில்லை என்று பிரித்தறிந்தனர். அதன்படி மிகக் கொடியவை 1995 இலும், எண்டோசல்பான் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. 2005 இல் அந்த 47 என்பது 24 ஆகக் குறைந்தது. நெல் விளைச்சல் குன்றவில்லை. அந்தத் தடைகளுக்காக எவரும் மேடை ஏறி முழங்கவில்லை. அவற்றால் உயிர் தப்பியவருக்குத் தாம் தப்பியது தெரியாது. இரண்டு தடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று கணக்கிலிருந்து பிறந்தது. மற்றது ஐயத்திலிருந்து பிறந்தது.

முரணான அறிக்கைகள் வந்தால் ஏழைக் குடிமகன் எதை நம்புவது என்பீர்கள். சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கு மின் நிலையச் சுற்றாடலிலே கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறதென்று மக்கள் முறையிட்டனர். நீர் வழங்கல் சபையின் சோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் உண்டென்றன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ அஞ்ச வேண்டியதில்லை என்றது. ஊரிலே இரண்டு கட்சி உண்டாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. நீதியரசர்கள் எந்த அறிக்கை தமக்குப் பிடித்தது என்று பார்க்கவில்லை. யார், எப்போது, எந்தக் கிணற்றில், எம்முறையிற் சோதித்தார் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டனர். 2019 ஏப்ரலில், மாசுபடுத்திய மின் கொம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்று தீர்ப்பளித்தனர். மக்களின் முறைப்பாடு வதந்தியென்று தள்ளப்படவுமில்லை. முறைப்பாடே தீர்ப்பாக ஏற்கப்படவுமில்லை.

எடைபோடுவோர் இல்லாத இடத்தில் நடப்பதையும் கிழக்கு மாகாணம் கண்டது. 2020 ஏப்ரலிலே, கொரோனாவால் இறந்த எவரையும் எரிக்கவே வேண்டுமென்று கட்டளை பிறந்தது. புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்றனர். அடக்கம் செய்யலாமென்று உலக சுகாதார நிறுவனம் முன்னரே கூறியிருந்தது. அரசாங்கம் இறங்கிவர ஏறத்தாழ ஓராண்டு சென்றது. அதற்குள் முஸ்லிம் பெற்றோர் தம் பச்சிளங் குழந்தையையும் தீக்குக் கொடுக்க நேர்ந்தது. பொத்துவிலிலிருந்து பொலிகண்டிவரை நடந்தவர்கள் 2021 பெப்ரவரியில் இவ்வூர் வழியாகவும் அந்த அநீதியைக் கண்டித்துச் சென்றனர். 2024 ஜூலையிலே மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. சாம்பலானவர்களுக்கு அந்த மன்னிப்பு எட்டுமா என்பது வேறு விடயம்.

நமக்கு இன்னுமொரு இடர் உண்டு. ஆராய்ச்சி ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. வாதம் சிங்களப் பத்திரிகைகளில் நடக்கிறது. தமிழ்க் கமக்காரனுக்கு இரண்டின் எச்சமும் கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பிய குரற்பதிவாக வந்து சேருகிறது. கேள்விக்குறி தொலைவதற்கு இதைவிட நீண்ட பாதை வேண்டுமா? இங்கே அமர்ந்திருக்கும் வைத்தியர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆய்வொன்றைப் பற்றி ஊரவர் கேட்டால், நம்பலாம் என்றோ நம்பவேண்டாம் என்றோ ஒற்றைச் சொல்லிற் கூறி அனுப்பாதீர்கள். எத்தனை பேரைப் பார்த்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், வேறு எவரேனும் மறுபடி செய்து அதையே கண்டனரா, பணம் கொடுத்தவர் யார் என்று தமிழிலே சொல்லுங்கள். ஊரவர் அறிவிற் குறைந்தவரல்லர்; வரம்புத் தகராற்றிலே சாட்சியை மடக்கும் கமக்காரனை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

குற்றவாளி யாரென்ற வழக்கு நீளட்டும். அதுவரை குடிக்கும் நீருக்கு வழி செய்யலாம். திருகோணமலை நகரிலே குழாயைத் திறந்தால் வருவது கந்தளாய்க் குளத்து நீர். அது சோதிக்கப்பட்டு வருகிறது. வயற்கரைக் கிணற்றைச் சோதிப்பவர் யார்? சோதித்திருந்தால் முடிவு எங்கே? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதைக் கேட்கும் உரிமை உங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவை அறிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு; அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. விடை தமிழில் வரவேண்டும். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அதற்கு இடந்தருகிறது. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் எறிந்துவிடாதீர்கள், என்னிடம் கொண்டுவாருங்கள்.

வாசலிலே மேசைமீது மனுப் படிவங்கள் வைத்திருக்கிறோம். உங்கள் கிணறு உள்ள கிராமத்தையும் கிராம அலுவலர் பிரிவையும் மட்டும் எழுதிக் கையொப்பமிடுங்கள்; எஞ்சியதை நாம் நிரப்புவோம். நோய் கண்டவர் வீட்டில் உண்டாயின் அதை அதில் எழுதவேண்டாம். அது உங்கள் அந்தரங்கம். கிணற்றைப் பற்றி மட்டும் கேட்போம்.