தாமதமாக வருபவரிடம் எப்படிச் சொல்வது?



கூட வேலை செய்பவர் தினமும் தாமதமாக வருகிறார். சொன்னால் மனம் வருந்துவார். சொல்லாவிட்டால் வேலை கெடும். என்ன செய்வது?

குஜராத்தில் ஆனந்த் என்று ஓர் ஊர். அங்கே 1946-ஆம் ஆண்டில் பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு ஒன்றியம் தொடங்கியது. பிறகு கிராமங்களில் பால் சங்கங்கள் பெருகின. மக்கள் காலையிலும் மாலையிலும் பால் கொண்டு வருவார்கள். ஒருவர் பாலை அளப்பார். ஒருவர் கொழுப்புச் சத்தைச் சோதிப்பார். ஒருவர் கணக்கு எழுதுவார். விலை வைக்கக் கொழுப்புச் சத்தையும் பார்ப்பார்கள். கறந்த பால் வெயில் காலத்தில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அதற்குள் குளிர வைக்க வேண்டும்.

அப்படி ஒரு சங்கத்தை நினைத்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு வேலை தொடங்க வேண்டும். சோதனை செய்யும் பெண் 6.30 மணிக்குத்தான் வருகிறார். பால் கொண்டு வந்தவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். வண்டி போய்விட்டால் பால் வீண். ஒரே ஒரு மாடு வைத்திருப்பவருக்கு அன்றைய வரும்படியே போய்விடும்.

கணக்கு எழுதும் பெண் என்ன செய்யலாம்? எல்லோர் முன்னாலும் கடிந்து பேசலாம். அப்போது அந்தப் பெண் தலைகுனிவார். பதிலுக்குக் கோபமும் வரும். முதுகுக்குப் பின்னால் பேசலாம். அதனால் பகைதான் வளரும்.

வேறு வழி உண்டு. வேலை முடிந்த பிறகு தனியாகப் பேசலாம். குஜராத்தில் பெண்களைப் 'பென்' என்று அழைப்பார்கள். பென் என்றால் சகோதரி.

"பென், இந்த வாரம் நாலு நாள் அரை மணி தாமதம். வரிசையில் நிற்பவர்கள் பால் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறார்கள். வீட்டில் ஏதாவது கஷ்டமா?"

இதில் 'சோம்பேறி' என்ற சொல் இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்டால்தான் காரணம் தெரியும்.

"மாமியார் படுத்த படுக்கை. அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறேன்" என்று பதில் வருகிறது.

இப்போது வழி தேடலாம். கணக்கு எழுதுபவருக்கும் சோதனை செய்யத் தெரியும். முதல் அரை மணி அவர் சோதனை செய்யலாம். அளப்பவர் கணக்கையும் எழுதலாம். தாமதமாக வருபவர் கடைசி வரை இருந்து பாத்திரங்களைக் கழுவி வைக்கலாம். இது தானம் அல்ல; வேலை மாற்றம். இதைச் சங்கச் செயலாளரிடம் மூவரும் சேர்ந்து சொல்லி அனுமதி பெற வேண்டும். ஒரு மாதம் பார்க்கலாம் என்று நாள் குறிக்க வேண்டும்.

காரணமே இல்லாமல் தாமதம் தொடர்ந்தால்? இன்னொரு முறை தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கும் மாறாவிட்டால் செயலாளரிடம் சொல்லத்தான் வேண்டும். "செயலாளரிடம் சொல்லப் போகிறேன்" என்று அவரிடமே முதலில் சொல்லிவிட வேண்டும். அது கோள் சொல்வது ஆகாது.

பாலும் கெடக் கூடாது. உறவும் கெடக் கூடாது. இரண்டையும் காப்பது நல்ல பேச்சு.