போகிக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டிப் பாருங்க



நம்ம பக்கம் போகி அன்னிக்கு வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ வச்சுக் காப்புக் கட்டுறோம். அதுக்கு முன்னாடி வீட்டை ஒழிக்கிறோம். போன வருசம் ஒழிக்கும்போது, திண்ணையை அடைச்சுக் கிடந்த கயித்துக் கட்டிலை விறகுக்குப் போட்டுடலாம்னு சொன்னேன். எங்க அத்தை ஒண்ணும் பேசலை. சட்டத்தைத் தடவிட்டு உள்ளே போயிட்டாங்க. மாமா கடைசி வரைக்கும் படுத்த கட்டில்னு அப்புறம்தான் எனக்கு உறைச்சது.

தட்டிப் பார்த்தேன். மூணு கால் கெட்டி. ஒரு கால் மட்டும் உளுத்து மாவு கொட்டுச்சு. அதை ஆசாரி மாத்திக் கொடுத்தார். நைலான் கயிறு வாங்கி அத்தையும் நானும் பின்னினோம். இப்போ அத்தை அதுலதான் தூங்குறாங்க.

அதுக்காக எல்லாத்தையும் சேர்த்து வைக்கவும் கூடாது. கரையான் ஏறிய மர அலமாரியை அன்றைக்கே வெளியேற்றினேன்; விட்டால் நிலைக்கதவுக்கும் ஏறிவிடும். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தீயில் போடாமல் தூய்மைக் காவலரிடம் கொடுத்தேன். எரித்தால் அந்த நச்சுப்புகை நம்ம பிள்ளைங்க நெஞ்சுக்குத்தான் போகும்.

ஒழிக்கும் முன் பொருளைத் தட்டிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.