கனவும் காலமும்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பௌதிகம் படித்துவிட்டு, முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஃபைல்களோடு காலம் தள்ளியவன் நான். மாயாஜாலக் கதைகள் குழந்தைகளுக்கு மட்டுமே என்று நினைத்திருந்தேன். பேத்திக்காக லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' புத்தகங்கள் இரண்டையும் படித்தபோது அந்த எண்ணம் மாறியது.

கரோல் என்பது புனைபெயர். சார்லஸ் டாட்ஜ்ஸன் என்ற அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர். 1865-ல் வந்த முதல் புத்தகத்தில், தொப்பிக்காரன் ஒருவனுக்கும் காலத்துக்கும் சண்டை. அன்று முதல் அவனுக்கு எப்போதும் மணி ஆறுதான். தேநீர் வேளை முடிவதே இல்லை. 1871-ல் வந்த இரண்டாவதில், சிவப்பு ராஜா தூங்குகிறார். ஆலிஸ் அவருடைய கனவில் தோன்றுபவள்தான், நிஜமல்ல என்று சொல்லி அவளை அழ வைக்கிறார்கள். விழித்தபின், கனவு கண்டது யார் என்று அவள் கேட்கிறாள். புத்தகம் பதில் சொல்லாமலே முடிகிறது.

எல்லோருக்கும் பொதுவான ஒரே கடிகாரம் கிடையாது என்று 1905-ல் ஐன்ஸ்டீன் காட்டினார். ஆனால் அது வேகத்தைப் பற்றிய கணக்கு. மனத்தின் காலத்தை அதோடு குழப்பக் கூடாது.

மனத்தின் காலத்துக்கு நம்மிடம் யோக வாஸிஷ்டம் இருக்கிறது. மந்திரவாதி மயிற்பீலியை அசைக்க, லவண ராஜா சிறிது நேரம் ஸபையில் அசைவற்று இருக்கிறான். அதற்குள் விந்திய வனத்தில் பெண் கட்டி, பிள்ளைகள் பெற்று, கிழவனாகி, பஞ்சத்தில் பரிதவித்து மீள்கிறான். மறுநாள் தேடிப் போனால், அதே கிராமம்! மாமியார்க் கிழவி அழுதுகொண்டிருக்கிறாள். அவர்கள் குறையைத் தீர்த்துவிட்டுத் திரும்புகிறான்.

என் மனைவியை உங்களில் பலர் அறிவீர்கள். மூன்று வருஷமாக மறதி நோய். தினமும் சாயங்காலம், "ஏன்னா, குழந்தை இன்னும் ஸ்கூல்லேருந்து வரலையே?" என்று வாசலையே பார்ப்பாள். குழந்தைக்கு ஐம்பது வயது! முதலில் காலண்டரைக் காட்டித் திருத்தினேன். ஆலிஸைப் போல அழுதாள்.

இப்போது திருத்துவதில்லை. "வந்துடுவான், நீ காபியைக் குடி" என்கிறேன். சமாதானமாகிவிடுகிறாள்.

யார் கனவு, எது நிஜமான காலம் என்பதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. கனவில் கண்டவர்களானால் என்ன, அழுகிறவர்களுக்கு வேண்டியதை லவணன் செய்தான். எனக்கு அந்த மட்டும் புரிந்தால் போதும்.