விடுதிச் சிறுவரும் உடல் தூய்மையும்

(உறைவிடப் பள்ளிகளின் விடுதிக் காப்பாளர்களிடையே ஆற்றிய உரை)

ஆறாம் வகுப்பில் சேர உறைவிடப் பள்ளிக்கு வரும் சிறுவனுக்கு வயது 10 அல்லது 11 இருக்கும். கையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் சுருட்டிய படுக்கை. முந்தின நாள் வரையில் அவன் தலைக்கு எண்ணெய் வைத்தவர், நகம் நறுக்கியவர், சட்டை துவைத்தவர், குளிக்கவில்லையே என்று கடிந்துகொண்டவர் எல்லாரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. பெற்றோர் விடைபெற்றுப் பேருந்து ஏறிய அந்த மாலையிலிருந்து இவ்வளவு வேலைகளும் அவன் தலைமேல் வந்து விழுகின்றன. விடுதியின் நேர அட்டவணையில் 'காலைக் கடன்கள்' என்ற இரு சொற்களோடு இந்த விஷயம் முடிந்துவிடுகிறது. அச்சொற்களுக்குள் அடங்கியிருப்பது என்ன, அந்தப் பொறுப்பைச் சிறுவன் கையில் எவ்வாறு ஒப்படைப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

இவ்வாறு வீட்டை விட்டு வரும் சிறுவர்கள் ஒரு சிலர் அல்லர். ஹரியானாவில் ஜஜ்ஜரிலும் மகாராஷ்டிரத்தில் அமராவதியிலும் 1985-86-ல் தொடங்கிய இரு பள்ளிகளிலிருந்து வளர்ந்த ஜவாஹர் நவோதய வித்யாலயங்கள் இன்று நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் இயங்குகின்றன. அவற்றில் 75 சதவீத இடங்களேனும் கிராமப்புற மாணவர்க்கு உரியவை. பழங்குடி மாணவருக்கான ஏகலைவ மாதிரி உறைவிடப் பள்ளிகள் 1997-98-ல் தொடங்கின. மாநில அரசுகளின் ஆசிரமப் பள்ளிகளும் நலத்துறை விடுதிகளும் இவற்றுக்குப் புறம்பானவை. நவோதயப் பள்ளிகளில் உணவு, உடை, புத்தகம் ஆகியவற்றோடு சோப்பு, பற்பசை போன்ற அன்றாடப் பொருள்களும் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. பொருள் கைக்கு வந்துவிட்டால் பழக்கம் தானே வந்துவிடும் என்று எண்ணுவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் மாதக் கடைசியிலும் உறை பிரிக்காத சோப்புக் கட்டி பெட்டியின் அடியில் கிடப்பதைக் காணாத விடுதிக் காப்பாளர் இருக்க முடியாது.

சோதனையும் பொறுப்பும்

பள்ளிகளில் தூய்மையைக் கற்பிக்க நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் முறை சோதனை. காலை வழிபாட்டு வரிசையில் கைகளை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பது, பல் பார்ப்பது, காதின் பின்புறம் பார்ப்பது. ஐந்தாறு வயதுக் குழந்தைகளிடம் இது பயனுள்ள முறையே. பதினொரு வயதுச் சிறுவனோ இதை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறான். திங்கட்கிழமை நகம் பார்ப்பார்கள் என்றால் ஞாயிறு இரவு பல்லால் கடித்தேனும் நகத்தைக் குறைத்துக்கொள்வான். செவ்வாய் முதல் ஞாயிறு வரை அவன் கவலையற்றவன். கண்ணுக்குத் தெரியும் உறுப்பு தூய்மையாகும். சோதிக்க முடியாத உறுப்பு அப்படியே கிடக்கும். அந்த வயதில் கவனம் மிகுதியாகத் தேவைப்படுவதோ சோதிக்க முடியாத உறுப்புகளுக்குத்தான்.

ஆண் பிள்ளைகளின் உடலில் பருவ மாற்றம் 9 வயது முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. பிறந்தது முதலே உடலெங்கும் வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் வேறு. அக்குளிலும் தொடை இடுக்கிலும் பருவத்தில் விழித்தெழும் சுரப்பிகள் வேறு. பின்னவை சுரக்கும் நீரில் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கும். அச்சுரப்புக்குத் தனியே மணம் பெரிதாக இல்லை. தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. எனவே, தலையில் ஒரு வாளி நீரை ஊற்றிக்கொண்டு ஓடிவரும் குளியல் எட்டு வயதுக்குப் போதுமானதாக இருந்தாலும் பன்னிரண்டு வயதுக்குப் போதாது. இதைச் சிறுவனுக்குக் காரணத்தோடு சொன்னவர் யார்? 'நாறுகிறாய், போ' என்று சொன்னவர்கள் பலர். ஏன் நாறுகிறது என்று சொன்னவரைக் காண்பது அரிது. அறிவியல் பாடத்தில் ஆர்வம் கொள்ளும் அதே வயதில் தன் உடலைப் பற்றிய அறிவியல் அவனுக்கு வசைமொழியாக மட்டுமே வந்து சேர்கிறது.

ஆண்குறியின் தூய்மையைப் பற்றிப் பேச ஆசிரியர்கள் கூசுகிறார்கள். சொல்ல வேண்டியதோ இரண்டு வாக்கியங்களே. முன்தோல் எளிதாகப் பின்செல்லும் அளவுக்கு மட்டும் நகர்த்தி, நீரால் கழுவி, மீண்டும் முன்னே கொண்டுவர வேண்டும்; வலுவில் இழுக்கக் கூடாது. வலியோ வீக்கமோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவ்விரண்டு வாக்கியங்களை ஒருவரும் சொல்லாததால் பல மாதங்கள் எரிச்சலை மறைத்து வைத்திருக்கும் சிறுவர்கள் உண்டு. உறக்கத்தில் விந்து வெளிப்படுவது இயற்கை என்பதும் அவ்வாறே முன்கூட்டிச் சொல்லப்பட வேண்டிய செய்தி. பள்ளி சொல்லாவிட்டால், வட இந்தியாவில் இருப்புப் பாதையோரச் சுவர்களில் எழுதியிருக்கும் போலி மருத்துவர்களின் விளம்பரங்கள் அதைச் சொல்லிக் கொடுத்துவிடும். நோய் என்றும் சொல்லும், மருந்துக்கு விலையும் சொல்லும்.

கதவும் தாழ்ப்பாளும்

2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து அறிவிக்கப்பட்டு ஓராண்டுக்குள் நிறைவேறிய தூய்மைப் பள்ளித் திட்டத்தின் கீழ், 2.61 லட்சம் அரசுப் பள்ளிகளில் 4.17 லட்சம் கழிப்பறைகள் கட்டப்பட்டன அல்லது சீரமைக்கப்பட்டன என்று அரசு தெரிவித்தது. மாணவியரின் மாதவிடாய்த் தூய்மைக்கென 2011 முதல் தனித் திட்டம் உண்டு. தேவையான, காலந்தாழ்ந்து வந்த திட்டம் அது. ஆண் பிள்ளைகளைப் பொறுத்தவரை, அவர்களுக்குத் தனிமை தேவையில்லை என்ற எண்ணம் கட்டிட வரைபடத்திலிருந்தே தொடங்குகிறது. ஆண்கள் விடுதி என்றால் ஒரு நீண்ட தொட்டி, அதைச் சுற்றிச் சிமென்டுத் தரை. குளியலறைகள் இருந்தாலும் பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இராது. உள்ளாடையோடு குளித்து, அந்த ஈர உள்ளாடையின் மேலேயே கால்சட்டையை மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிறான் சிறுவன். பத்து மணிக்குள் தொடை இடுக்கில் அரிப்பு. துவைத்த உள்ளாடையை வெயிலில் கொடியில் போட்டால் நண்பர்கள் கேலி செய்வார்கள் என்பதால் அது கட்டிலின் அடியிலோ சட்டைக்கு அடியிலோ உலர்கிறது, அல்லது உலராமலே மறுநாள் அணியப்படுகிறது. பெண் பிள்ளைகள் மாதவிடாய்த் துணியை இருட்டில் உலர்த்துவதன் தீமையை அறிந்தோர், ஆண் பிள்ளைகளிடமும் அதே வெட்கம் அதே ஈரத்தில் வேலை செய்வதைக் கவனிக்கவில்லை.

இதன் விளைவே படர்தாமரை. ஈரத்திலும் வெப்பத்திலும் செழிக்கும் இப்பூஞ்சை துண்டு வழியே அறை முழுவதும் பரவும். அரிப்பைத் தணிப்பதாக நண்பன் தரும் களிம்பில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சில நாள் அடங்கும் படர்தாமரை பின்னர் பெரிதாகத் திரும்பி வரும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018-ல் அரசு விதித்தது. விதி கடை வரையில் செல்லும். விடுதிக் கட்டிலின் அடிவரை செல்வது காப்பாளரின் கண்ணே.

சிரங்கு வந்தாலோ நிலைமை இன்னும் கடுமை. தோலுக்குள் வளை தோண்டும் சிறு பூச்சியால் வரும் நோய் அது; இரவில் அரிப்பு மிகும். அரிக்கும் சிறுவனை மட்டும் தனியே ஒதுக்கி மருந்து பூசினால் பயனில்லை. அறிகுறி தோன்றாத தோழர்களிடமும் பூச்சி இருக்கக்கூடும். ஆகவே மருத்துவர் கூறியபடி அறையிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் கால் வரை பூசி, காலையில் கழுவி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பூச வேண்டும். போர்வையும் துணியும் அன்றே வெந்நீரில் துவைக்கப்பட வேண்டும். இதை ஒருவனின் குற்றமாக ஆக்காமல் அறையின் பொது வேலையாக ஆக்கும் காப்பாளரிடம், அடுத்த முறை அரிப்பு தொடங்கியவுடனே சிறுவன் வந்து சொல்வான். மற்றவரிடம் ஒரு மாதம் கழித்தே தெரியவரும்.

மறைப்பதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விட்டுவிட இயலாது. பத்து வயதிலும் ஏறத்தாழ இருபதில் ஒரு குழந்தைக்கு உறக்கத்தில் சிறுநீர் கழிந்துவிடுகிறது. ஆண் பிள்ளைகளிடம் இது சற்று மிகுதி. அது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று. வீட்டில் தாய் ஓசையின்றிப் போர்வையை மாற்றிவிடுவாள். விடுதியில் நாற்பது கண்கள் பார்த்திருக்க, ஈரப் படுக்கையைச் சுருட்டி ஒளித்து வைக்கிறான் சிறுவன். ஒரே ஒருமுறை வரிசையில் நிறுத்தி அவமதித்தால் போதும். நுழைவுத் தேர்வில் வென்று வந்த கிராமத்துப் பிள்ளை படிப்பையே விட்டு ஊர் திரும்பிவிடக்கூடும். ஒரு ரப்பர் விரிப்பு, மாற்றுப் போர்வை, அதிகாலையில் யாரும் அறியாமல் துவைத்துக்கொள்ள ஒரு வாளி, மருத்துவரிடம் ஒரு வருகை: அரசின் ஒரு கல்வி இடத்தைக் காக்கும் செலவு இவ்வளவே.

துவைக்கும் கை

2019-ல் நாடு தழுவிய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதத்தினர் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்டிருந்தனர், ஆண்களில் 26.1 சதவீதத்தினரே. சிறுவனின் அழுக்குச் சட்டை இந்த இரு எண்களுக்கு இடையில்தான் கிடக்கிறது. அவன் வயதே உள்ள தங்கை குடும்பத்தார் அனைவரின் துணியையும் துவைக்கப் பழகிவிட்டாள். அவனோ தன் பனியனைப் பிழியவும் அறியான். 1937-ல் வார்தாவில் உருப்பெற்ற ஆதாரக் கல்வி, துப்புரவைக் கல்விக்கு முன்னுரையாக அன்றிக் கல்வியாகவே கொண்டது. அதன் பிற கொள்கைகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். இதில் அது சரியாகவே கணித்தது.

2020-ல் தொடங்கிய பள்ளி நலத் திட்டத்தின்படி பள்ளிதோறும் இரு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், உடல்நலத் தூதுவர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். அவர்களுள் ஆண் ஆசிரியர் முதல் வாரத்திலேயே ஆறாம் வகுப்புச் சிறுவர்களை அழைத்துத் துவைத்துக் காட்டுவது நலம். சோப்பு எங்கே தேய்ப்பது, கழுத்துப் பட்டையை எப்படிக் கசக்குவது, காலுறையை உட்புறம் திருப்பி உலர்த்துவது ஏன் என்பதையெல்லாம் சொற்பொழிவால் கற்பிக்க இயலாது.

சாரணர் இயக்கத்தின் அணி முறை இங்கே கைகொடுக்கும். ஆறு அல்லது எட்டுச் சிறுவர்கள், அவர்களுள் ஒருவன் தலைவன். சோப்பு அலமாரியின் சாவி அவனிடம், கொடியில் இடம் பிரிப்பதும் தண்ணீர் முறை வகுப்பதும் அவர்களே. ஜனவரி மாதத்து ஹரியானாவில், பனி மூடிய காலை ஆறு மணிக்குக் குளிர்ந்த தொட்டி நீரில் குளிக்கச் சொல்வதைவிட, பிற்பகல் விளையாட்டு முடிந்து வெயில் எஞ்சியிருக்கும்போது குளிப்பது என அணியே முடிவு செய்தால் தடுக்க வேண்டியதில்லை. குளியல் காலையிலேயே நிகழ வேண்டுமென்பது அட்டவணையின் வசதி. உடலின் தேவை அன்று. மூத்த மாணவர்கள் இளையவரைக் கொண்டு தம் துணியைத் துவைக்கச் செய்யும் வழக்கத்தை மட்டும் காப்பாளர் இரக்கமின்றி ஒழிக்க வேண்டும். பிறன் துணியைத் துவைக்கும் சிறுவனுக்குத் தூய்மை என்பது அடிமைத்தனத்தின் மறுபெயராகிவிடும்.

விடுமுறைக்குச் சிறுவர் ஊர் செல்லும்போது பெற்றோருக்குப் பள்ளி அனுப்பும் கடிதத்தில் திரும்பும் நாளும் கொண்டுவர வேண்டிய பொருள்களும் குறிக்கப்படுகின்றன. அதில் இன்னும் ஒரு வரிக்கு இடமுண்டு: பையனின் பெட்டியிலுள்ள அழுக்குத் துணியை அவனே துவைப்பான், தயவுசெய்து தாயும் அக்கா தங்கையரும் அதை வாங்கிக்கொள்ள வேண்டாம்.