மண்ணில் எழுதிய எழுத்து

(அரநாயக்கவில், சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு திரைப்படம். விழா மேடையிலே சினிமாப் பேச்சா என்று பெரியோர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். 2007ஆம் ஆண்டில் அமீர்கான் இயக்கி, தாமே ஆசிரியராக நடித்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்திப் படம் அது. 'தரையில் விண்மீன்கள்' என்பது அதன் பொருள்.

இஷான் எட்டு வயதுப் பாலகன். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கள் அவன் கண்முன் கூத்தாடுகின்றன. தமையனோ வகுப்பில் முதல்வன். ஆகவே இவனுக்குச் சோம்பேறி, முரடன் என்ற பட்டங்கள். தகப்பனார் விடுதிப் பள்ளியிலே கொண்டுபோய் விடுகிறார். சித்திரம் தீட்டுவதையே உயிராகக் கொண்டிருந்த பிள்ளை, அங்கே தூரிகையைத் தொடுவதையும் விட்டுவிடுகிறான். அவன் அழுவதைவிட இந்த மௌனமே நம் நெஞ்சைப் பிழிகிறது.

தற்காலிகச் சித்திர ஆசிரியராக நிகும்ப் வருகிறார். பிள்ளையின் கொப்பிகளைப் புரட்டுகிறார். ஒரே விதமான பிழை திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறார். மும்பாயிலுள்ள வீட்டுக்கே சென்று, அவன் தீட்டிய சித்திரங்களைப் பார்த்து வியக்கிறார். இது சோம்பலன்று, டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புத் தடை. அறிவுக் குறைவுமன்று. அவரும் சிறுவயதில் இதே துன்பத்தைப் பட்டவர்தாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "உனக்குப் படிப்பு வேண்டாம், சித்திரம் போதும்" என்று அந்த ஆசிரியர் சொல்லிவிடவில்லை. மணலிலே விரலால் எழுதப் பழக்கினார். களிமண்ணிலே உருவம் பிடிக்கச் செய்தார். படிக்கட்டில் ஏறி இறங்கவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். விருப்பம் என்ற கதவு வழியாகவே கல்வியை உள்ளே கொண்டுவந்தார். விஜயதசமியன்று அரிசியிலே பிள்ளையின் விரலைப் பிடித்து ஏடு தொடக்குகிறோமே, நமக்கு இது புதிதா? முதல்நாள் பிடித்த விரலை மறுநாளே விட்டுவிடுகிறோம். அதுதான் நம் குறை.

நம் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே கொட்டகையில், ஒரே உபாத்தியாயரிடம், எல்லா வகுப்பும் படித்த காலத்தைப் பெரியோர்கள் அறிவார்கள். 1970களில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. கட்டடங்கள் எழுந்தன, நம் பிள்ளைகளே ஆசிரியர்களாகவும் ஆனார்கள். ஆனால் 'மக்கு' என்ற சொல் மட்டும் லயத்தை விட்டுப் போகவில்லை. லயத்துச் சுவரில் கரித்துண்டால் மாடும் மலையும் வரைந்த பையனை நாமும் திட்டியிருக்கிறோம். சுவர் அழுக்காயிற்றே என்றுதான் பார்த்தோம். அவன் பள்ளியை விட்டு நின்றபோது, ஏன் என்று கேட்க நம்மில் ஒருவரும் போகவில்லை.

கொழுந்துக்கும் பால் வெட்டுக்கும் போய் உழைக்கும் பெற்றோர், பிள்ளை பரீட்சையில் தேறி முன்னேற வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமே. அந்த ஆசையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பிள்ளையை அடிக்குமுன் ஒருமுறை அவன் கொப்பியைப் பாருங்கள் என்றே வேண்டுகிறோம். வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு சொல்: விருப்பம் என்பது உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழியன்று. இஷானும் எழுத்தோடு போராடித்தான் வென்றான்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், பின்தங்கிய பிள்ளைகளோடு நாம் உட்காருவோம். மேல்வகுப்பில் படிப்பவர் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையின் விரலைப் பிடிக்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை போதும்.

படத்தின் முடிவில் பள்ளியின் ஆண்டு மலர் வெளிவருகிறது. முன்னட்டையில் இஷான் தீட்டிய சித்திரம்; பின்னட்டையில் ஆசிரியர் தீட்டிய இஷானின் முகம். நம் சங்கத்தின் அடுத்த மலரையும், இன்று 'மக்கு' என்று பெயர் வாங்கிய ஒரு பிள்ளையின் சித்திரம் அலங்கரிக்கட்டும்.